எட்டு மைல் கம்பெனி

தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் தாண்டினால்தான் வேறு நாடு. விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி, வளவனூர், சின்னபாபு சமுத்திரம் கடந்து, கரும்புக் கொல்லைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதே பழைய பிரெஞ்சு மண்ணுக்குள் வந்திருக்கிறேன். எல்லை எங்கே என்று எதிர் சீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். “பிராந்திக் கடை கண்ணுல பட்டா பாண்டி வந்துடுச்சுன்னு வச்சுக்குங்க தம்பி” என்றார்.

இந்தப் பாதையின் பூர்வீகம் அதைவிட வேடிக்கை. 1878இல் ஆங்கில, பிரெஞ்சு அரசுகள் ஒப்பந்தம் போட்டன. 1879 டிசம்பரில் மீட்டர் கேஜில் ரயில் ஓடியது. பிரெஞ்சு மண்ணில் கிடந்த சுமார் எட்டு மைல் தண்டவாளத்துக்குச் சொந்தக்காரர் பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி. பெயர்தான் பாண்டிச்சேரி, பதிவு லண்டனில்! ரயிலை ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே. எங்கள் ஊருக்கு 1876இல் ரயில் விட்ட அதே எஸ்.ஐ.ஆர். பிரெஞ்சு நிலம், லண்டன் முதலாளி, எஸ்.ஐ.ஆர். வண்டி, தமிழ்ப் பயணி. எஸ்.ஐ.ஆரை 1944இல் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14இல் அது தெற்கு ரயில்வேக்குள் கரைந்தது. புதுச்சேரி அப்போதும் பிரான்சின் கையில்தான். சுதந்திர இந்தியாவின் அரசு ரயில் அந்நிய மண்ணுக்குள் போய்வந்த விசித்திரம், 1954 வரை நடந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 18இல், இந்த ரயில் நிற்கும் வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில், வாக்களிக்க வேண்டிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள்.

வில்லியனூரில் இறங்கிப் பார்த்தேன். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, தமிழ், இந்தி, ஆங்கிலம். பிரெஞ்சு ஒரு எழுத்தும் இல்லை. அகலப்பாதையும் மின்கம்பியும் வந்தபின் பழைய கம்பெனியின் சாயலை எங்கே தேடுவது? ஊருக்குள் நிலைமை வேறு. திருக்காமீசுவரர் தேரைப் பிரெஞ்சு கவர்னர் வடம்பிடித்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் கையில் தொடர்கிறது. 1877இல் பிரான்சிலிருந்து வந்த லூர்து மாதா சொரூபத்துக்கு ஆண்டுதோறும் திருவிழா. கோயிலும் மாதாவும் ஞாபகம் வைத்திருப்பதை ரயில்வே மட்டும் ஏன் துடைத்துப் போட்டது?

அமெரிக்காவில் நார்ஃபோக் சதர்ன் கம்பெனி 2012இல் 20 எஞ்சின்களுக்குத் தான் விழுங்கிய பழைய கம்பெனிகளின் வண்ணத்தையே பூசி, சரக்கு இழுக்க விட்டது. விளம்பரம்தான், இருக்கட்டும், பெயராவது பிழைத்தது. நம்மிடம் ஊட்டி மலை ரயிலுக்கு யுனெஸ்கோ பட்டம் உண்டு, திருச்சியில் அருங்காட்சியகம் உண்டு. பெரிய கம்பெனிகளின் கதை அங்கே பத்திரம். சொந்தமாக ரயில் ஓட்டாத எட்டு மைல் கம்பெனிக்கு யார் வக்காலத்து வாங்குவது? என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றிலும் அபூர்வமானது.

2029 டிசம்பரில் இந்தப் பாதைக்கு 150 வயது. தெற்கு ரயில்வே எஞ்சினுக்கு வண்ணம் பூச வேண்டாம். வில்லியனூர் நடைமேடையில், அந்த மஞ்சள் பலகைக்குப் பக்கத்தில், தமிழிலும் பிரெஞ்சிலும் நாலு வரி எழுதி ஒரு கல் நட்டால் போதும்.