நெடில் ஒன்று, குறில் இரண்டு

புதிதாக வாங்கிய கணினி திரையில் எதையும் காட்டாமல் 'பீப், பீப்' என்று ஒலிக்கத் தொடங்கினால் வீட்டில் இரண்டு அச்சங்கள் எழுகின்றன. ஒன்று பணத்தைப் பற்றியது. மற்றொன்று வேலை நின்றுவிடுமோ என்பது. இவ்விரண்டு அச்சங்களுக்கும் நடுவில் அந்த ஒலியை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒலிக்கிறது என்று அறிந்ததோடு நின்றுவிடுகிறோம்; எத்தனை முறை ஒலித்தது, நீண்டதா குறுகியதா, நடுவில் இடைவெளி உண்டா என்று எண்ணுவதில்லை. அவ்வொலி ஒரு மொழி, அதற்குச் சிறியதோர் இலக்கணமும் உண்டு என்று இலக்கிய நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என நெடுநாளாக நினைத்திருந்தோம்.

கணினிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் அது முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. தாய்ப்பலகையில் ஒரு சில்லில் பதிந்திருக்கும் 'பயாஸ்' என்னும் சிறு நிரல் செயலியையும் நினைவகத்தையும் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். குறை ஏதும் இருந்தால் அதைத் திரையில் எழுதிக் காட்டலாம். ஆனால் திரையை இயக்கும் பகுதியே இன்னும் எழவில்லை என்றால் எங்கே எழுதுவது? ஒலி எழுப்புவதற்கு ஒரு நேரக் கணிப்புச் சில்லும் ஒரு சிறிய ஒலிப்பானும் போதும். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஐபிஎம் நிறுவனம் தன் தனிமனிதக் கணினியை வெளியிட்டபோதே இந்த ஏற்பாடு அதில் இருந்தது. ஒரே ஒரு குறுகிய ஒலி என்றால் நலம். அதற்கு மேல் ஒலித்தால் அது முறையீடு.

தமிழ் படித்தவர்களுக்கு இது அயலான செய்தி அன்று. கண் இமைக்கும் பொழுதும் விரல் நொடிக்கும் பொழுதுமே மாத்திரை என்று தொல்காப்பியம் அளந்து வைத்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அவ்வளவையும் அடுக்கையும் கொண்டே நம் யாப்பு எழுந்தது. கணினியின் ஒலிக்குறிப்பும் அவ்வாறே. குறில் எத்தனை, நெடில் எத்தனை, அவை எந்த வரிசையில் வந்தன என்பதே பொருள்.

எங்கள் வீட்டுக்குப் புதிய கணினி வந்த நாளிலேயே இந்த இலக்கணம் தேவைப்பட்டது. தேனியில் ஒரு கடையில் உதிரிப் பாகங்களைக் கோத்து, எங்கள் கண்முன் ஓட்டிக் காட்டித்தான் கொடுத்தார்கள். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று வழியெங்கும் உள்ள வேகத்தடைகளை எல்லாம் தாண்டி, சுமார் நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து பெட்டி கம்பம் வந்து சேர்ந்தது. மேசையில் வைத்து விசையை அழுத்தியதும் திரை கருமையாகவே இருந்தது. நீண்ட ஒலி ஒன்று, அடுத்து இரண்டு குறுகிய ஒலிகள், ஓர் இடைவெளி. மீண்டும் அதே வரிசை.

அவசரம் எங்களுடையது மட்டும் அன்று. ஏலத்தோட்ட வேலைக்காக விடியும் முன்பே ஜீப்புகளில் குமுளிப் பக்கம் மலையேறும் நம் பள்ளத்தாக்குப் பெண்கள் பாடும் பாடல்களை ஓர் ஆய்வு மாணவி மூன்றாண்டுகள் தொகுத்திருந்தார். பழைய கணினி ஓய்ந்துபோன பின், ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் படியெடுப்புகளைத் திருத்த எங்கள் வீட்டுப் புதிய பெட்டியைத்தான் அவர் நம்பியிருந்தார். ஆய்வேட்டை ஒப்படைக்க நான்கு நாட்களே இருந்தன.

கடைக்குத் தொலைபேசினோம். கைபேசியைப் பெட்டியின் அருகில் பிடிக்கச் சொல்லிக் கேட்டார் கடைப் பையன். "சார், ஒரு லாங், ரெண்டு ஷார்ட்டு. டிஸ்ப்ளே போயிருச்சு சார். தனியா ஒரு கார்டு வாங்கிப் போட்ருவோம். எட்டாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். கார்டு மதுரையில இருந்து வரணும், அஞ்சு நாள் ஆகும்" என்றார். அவர் ஏமாற்றுகிறவர் அல்லர். எண்ணித்தான் சொன்னார், சரியாகவும் எண்ணினார். ஆனால் அவர் எண்ணியது ஒரு வழக்கு, பெட்டி பேசியது வேறொரு வழக்கு.

இந்த ஒலிமொழிக்கு வட்டார வழக்குகள் உண்டு. பயாஸ் நிரலை எழுதும் நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறிப்பு முறையை வைத்துக்கொண்டது. 'அவார்டு' என்னும் நிறுவனத்தின் பழைய முறையில் நெடில் ஒன்றும் குறில் இரண்டும் வந்தால் திரைப் பகுதியில் கோளாறு. 1998ஆம் ஆண்டில் அவார்டைத் தன்னுடன் சேர்த்துக்கொண்ட 'ஃபீனிக்ஸ்' நிறுவனமோ ஒலிகளைச் சிறு கூட்டங்களாகப் பிரித்து, இடையிடையே நிறுத்தி ஒலிக்கச் செய்தது. ஏறத்தாழ சீர் பிரித்துப் படிப்பது போல. 'அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்' நிறுவனத்தின் பழைய முறையில் நெடில் குறில் வேறுபாட்டைக் காட்டிலும் எண்ணிக்கையே முதன்மை: மூன்று முறை ஒலித்தால் நினைவகத்தின் தொடக்கப் பகுதியில் பிழை, எட்டு முறை ஒலித்தால் திரைக்குரிய நினைவகத்தில் பிழை. இந்நிறுவனத்தை 1985ஆம் ஆண்டில் தொடங்கியவர்கள் எஸ். சங்கர், பாட் சர்மா என்னும் இருவர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தலைமையகம் கொண்ட அதற்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. அடிப்படை நிரலை வாங்கிப் பயன்படுத்தும் தாய்ப்பலகை நிறுவனங்களும் தம் விருப்பப்படி குறிப்புகளை மாற்றிக்கொள்கின்றன. ஆகவே ஒலியை எண்ணுவது பாதி வேலைதான். அது யாருடைய வழக்கு என்று அறிவது மறுபாதி.

பெட்டிக்குள் தாய்ப்பலகையோடு வந்த சிறு கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. முழுவதும் ஆங்கிலம். பின்பக்கங்களில் ஒன்றில் ஐந்தாறு வரிகளில் ஓர் அட்டவணை. அதில் நெடில் ஒன்று, குறில் இரண்டு என்பதற்கு எழுதியிருந்த பொருள்: நினைவகம் தென்படவில்லை. திரைக் கோளாற்றுக்கு நெடில் ஒன்று, குறில் மூன்று. ஒரே ஒரு குறிலில் இருந்தது எட்டாயிரம் ரூபாய்.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினோம். ரேம் எனப்படும் நினைவகப் பட்டையின் ஒரு முனை தன் பள்ளத்திலிருந்து நூலளவு எழும்பியிருந்தது. கொக்கிகளை விலக்கி, பட்டையை வெளியே எடுத்து, மீண்டும் நேராகப் பொருத்தி, இரு முனைகளும் 'கிளிக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினோம். விசையை அழுத்தியதும் ஒற்றைக் குறில். திரை எழுந்தது. மாணவி மறுநாளே வந்து அமர்ந்தார். ஆய்வேடு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது.

பெட்டி ஒலித்துக்கொண்டிருந்த வேளையில் அடுத்த அறையிலிருந்த அம்மா, "என்னய்யா, கவுளி மாதிரி விடாமச் சொல்லிக்கிட்டே இருக்கு, நல்லதுக்கா கெட்டதுக்கா?" என்று கேட்டார். அக்கேள்வியை நகைத்து ஒதுக்க இயலாது. பல்லியின் குரலுக்குப் பொருள் கண்டவர்கள் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறார்கள். முல்லைப்பாட்டில் முதிய பெண்டிர் நெல்லும் மலரும் தூவி வழிபட்டு விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். ஆயர்மகள் ஒருத்தி கன்றுக்குச் சொல்லும் ஆறுதலையே தலைவிக்கான நற்சொல்லாக எடுத்துக்கொள்கிறார்கள். விரிச்சியில் சொல்பவருக்குக் கேட்பவரைத் தெரியாது. பொருள் கேட்பவரின் ஏக்கத்திலிருந்து பிறக்கிறது. கணினியின் ஒலியோ கேட்பவருக்கென்றே எழுப்பப்படுவது. வருவதை அது உரைப்பதில்லை. குறை இருக்கும் இடத்தை மட்டும் சுட்டுகிறது. நம்மில் பலர் அதை இன்னும் விரிச்சியாகவே கேட்கிறோம். அச்சம் எதைச் சொல்லச் சொல்கிறதோ அதையே ஒலியும் சொல்வதாக எண்ணி, "மதர்போர்டு போச்சு" என்று முடிவுகட்டுகிறோம்.

எல்லா ஒலியும் பெட்டிக்குள்ளிருந்து வருவதும் இல்லை. சில நொடிகளுக்கு ஒரு முறை சீராக ஒலித்தால் முதலில் மேசைக்கடியில் இருக்கும் யூபிஎஸ்ஸைப் பாருங்கள். மின்சாரம் நின்று மின்கலத்தில் ஓடுகிறேன் என்பது அதன் பொருள். ஒலி விரைவுபட்டால் மின்கலம் தீரப்போகிறது. பெரியாற்று நீரிலிருந்து 1958ஆம் ஆண்டு முதல் மின்சாரம் எடுத்துவரும் லோயர் கேம்ப் எங்களுக்குக் கூப்பிடு தொலைவில்தான். ஆயினும் ஆடிக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் எங்கள் தெருவும் இருள்கிறது. 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டவர்களுக்கு அந்த யூபிஎஸ் ஒலி உறக்கத்திலும் கேட்கும்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே போலீஸ் வண்டியின் சங்குபோல ஏற்ற இறக்கத்துடன் ஒலித்தால், பெரும்பாலும் செயலி சூடேறிவிட்டது. விசிறி சுழல்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேப்ஸ் லாக், நம் லாக் விசைகளைத் தொடும்போது மட்டும் ஒலித்தால் கோளாறே இல்லை. விண்டோசில் நம் லாக் விசையை ஐந்து நொடிகள் அழுத்திப் பிடித்தால் விழித்துக்கொள்ளும் வசதி அது. விசை இயங்குவதை ஓர் ஒலியும் அணைவதை வேறோர் ஒலியும் சொல்லும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு.

வருந்த வேண்டியது வேறொன்று. இம்மொழி தேய்ந்து வருகிறது. புதிய பெட்டிகள் பலவற்றில் ஒலிப்பானே பொருத்தப்படுவதில்லை. சில தாய்ப்பலகைகளில் சிறு விளக்குகள் எரிகின்றன. சில மடிக்கணினிகளில் விளக்கு இமைத்துக் காட்டுகிறது. அடுத்த அறையிலிருப்பவருக்கு விளக்கு எதையும் சொல்லாது. தாய்ப்பலகையில் ஒலிப்பானுக்குரிய நான்கு ஊசிகள் இன்றும் பலவற்றில் உள்ளன. அதில் செருகும் ஒலிப்பான் மிக மலிவு. புதிதாக வாங்குகிறவர்கள் கேட்டுப் பொருத்திக்கொள்வது நல்லது.

மற்றொன்று, தமிழில் அந்த அட்டவணை. ஆண்டிபட்டியில் நெசவுக் கணக்கு எழுதுபவரும் போடியில் ஏலக்காய்க் கணக்கு பார்ப்பவரும் கணினியைத் தமிழில் பயன்படுத்துகிறார்கள். அது பழுதாகும்போது மட்டும் அவர்களிடம் ஆங்கிலத்தில் பேசும் ஒரு தாள் உறைக்குள் கிடக்கிறது. நூறு பக்க மொழிபெயர்ப்பு வேண்டாம், ஐந்தாறு வரிகள் போதும். எங்கள் பெட்டிக்குரிய அட்டவணையை நாங்கள் தமிழில் எழுதி, அதன் பக்கவாட்டிலேயே ஒட்டிவைத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டுப் பெட்டி ஒலித்தால், கடைக்குத் தொலைபேசும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நெடிலுக்குக் கோடு, குறிலுக்குப் புள்ளி. மூன்று சுற்று கேட்டு எழுதிய பின் விசையை அணையுங்கள். பிறகு கையேட்டைத் தேடுங்கள். பழுது பார்க்க வேறொருவரை அழைக்க நேர்ந்தாலும், அவர் வரும்போது உங்கள் கையில் அச்சத்துக்குப் பதிலாக ஒரு குறிப்பு இருக்கும்.