நடுவழியில் இறங்கிய ஸ்டேஷன்

நீங்கள் எப்போதாவது டிக்கெட் எடுத்த ஊருக்குப் போகாமல் நடுவழியில் இறங்கியிருக்கிறீர்களா? தூங்கிப்போய் ஊரைத் தாண்டிவிடுவது வேறு. அது எங்கள் வீட்டில் அடிக்கடி நடப்பது. நான் சொல்வது, தெரிந்தே இறங்குவது.

சென்ற மார்கழியில் திருத்தணிக்குக் கிளம்பினேன். பிரார்த்தனை என்னுடையது, பையனின் பரீட்சை சம்பந்தமானது. கூட வந்தவர் என் மாமியார். 'கூட வந்தவர்' என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மாமா காலமாகி எட்டு மாதம். அத்தையை வீட்டில் தனியே விட மனமில்லை. பை, கூஜா, ஜமக்காளம் இவற்றோடு அவரையும் எடுத்துக்கொண்டு போனேன் என்பதுதான் உண்மை. எழுதும்போது கூசுகிறது.

எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற மின்சார ரயில் அது. வில்லிவாக்கம், ஆவடி, திருநின்றவூர் என்று ஒவ்வொரு ஊரையும் குசலம் விசாரித்துவிட்டுத்தான் நகரும். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான் என்று என் கணவர் பெருமையாகச் சொல்வார். அதற்குப் பிறகு வேகம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

கடம்பத்தூரில் கூட்டம் ஏறியது. எல்லாம் பெண்கள், கையில் பால் தூக்கு, மடியில் பூப்பொட்டலம். மணவூர் தாண்டியதும் அத்தை பக்கத்திலிருந்தவளைக் கேட்டார்:

"எந்த ஊருக்கம்மா?"

"ஆலங்காட்டுக்குப் பாட்டி. இன்னிக்கு ராத்திரி ஆருத்ரா அபிஷேகமாச்சே!"

வண்டி திருவாலங்காட்டில் நின்றது. காலையிலிருந்து பத்து வார்த்தை பேசாத அத்தை எழுந்து, கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டார்! மூட்டைகளை வாரிக்கொண்டு நான் குதித்ததை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

"என்ன அத்தை இது? திருத்தணியில் ரூம் சொல்லி வைத்திருக்கிறேனே!"

"நீ போம்மா. நான் பார்த்துவிட்டுக் காலையில் வருகிறேன்."

எழுபத்திரண்டு வயசு, இரண்டு முழங்காலும் தகராறு. தனியாக வருகிறாராம்!

கோயில் ஸ்டேஷனிலிருந்து சில கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போகும்போதுதான் விஷயம் வெளிவந்தது. நடராஜருக்குச் சபை ஐந்து அல்லவா? சிதம்பரத்துப் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, நெல்லையின் தாமிர சபை, குற்றாலத்துச் சித்திர சபை நான்கையும் மாமாவும் அத்தையும் சேர்ந்து பார்த்துவிட்டார்கள். திருவாலங்காட்டு ரத்தின சபை ஒன்றுதான் பாக்கி. சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. பக்கத்தில்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாமே என்று நாற்பது வருஷம் போயிருக்கிறது.

"ஒவ்வொரு திருவாதிரைக்கும் களி சாப்பிட்டுக்கொண்டே 'அடுத்த வருஷம் நிச்சயம்' என்பார் உன் மாமா. இதோ பழையனூர். கொடுத்த வாக்குக்காக எழுபது வேளாளர் தீக்குளித்த ஊர். அவரைத் தீக்குளிக்கவா சொன்னேன்? லோகல் ரயில் ஏறத்தானே சொன்னேன்!"

எட்டு மாதத்துக்குப் பிறகு அத்தை சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

இந்தப் பழையனூரைத்தான் ராஜேந்திர சோழன் கோயிலுக்கு எழுதி வைத்தான். அதைச் சொல்லும் செப்பேடுகள், மொத்தம் 31 ஏடுகள், 1905-இல் இந்த ஊரில் கிடைத்தன. எழும்பூர் மியூசியத்தில் நாம் வாய் பிளந்து பார்க்கும் நடராஜர் ஒருவரும் இங்கிருந்து போனவரே.

கோயிலுக்குப் பின்னால் தல விருட்சமான ஆலமரம். அதனருகே மண்டபத்தில் இரவெல்லாம் அபிஷேகம். பாலும் தயிரும் சந்தனமும் விபூதியும் மாறி மாறி வழிந்தன. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஜனங்கள். பனி கொட்டியது. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் தன் கம்பளியில் பாதியை அத்தையின் தோளில் போர்த்தினாள். ஆந்திராப் பக்கத்துக்காரி, அவள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை, அத்தைக்கு எல்லாம் புரிந்தது!

ரத்தின சபையில் காரைக்கால் அம்மையாரைக் கண்டதும் அத்தை நின்றுவிட்டார். கணவன் பயந்து ஒதுங்கிப் போனபின், அழகே வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்கியவள். தலையாலேயே நடந்த கயிலைப் பயணத்துக்குப் பிறகு, ஆடும் பெருமான் காலடியில் பாடிக்கொண்டிருக்க வந்த இடம் இது.

"எலும்பும் தோலுமாய் என்ன சந்தோஷம் பார் இவளுக்கு!" என்றார் அத்தை. பிறகு அரைமணி நேரம் பேசவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை, அது எனக்குப் புது வழக்கம்.

நடுராத்திரியில் வீட்டிலிருந்து போன். "திருத்தணி போய்ச் சேர்ந்தீர்களா?" என்றார் என் கணவர். செல்போனை அத்தையிடம் கொடுத்தேன்.

"நாளைக்குப் போவோம். முருகன் எங்கே ஓடிவிடப் போகிறான்? நீ சாப்பிட்டாயா?"

விடிந்ததும் கோபுர தரிசனம். பிறகு ஸ்டேஷனில் மறுபடி டிக்கெட் எடுத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்த அத்தை அரக்கோணம் வருவதற்குள் தூங்கிவிட்டார். மடியில் கம்பளிக்கார அம்மாள் கொடுத்த களி, வாழையிலையில் கட்டிய பொட்டலம். வீட்டுக்குப் போய் மாமா படத்தின் முன் வைக்க வேண்டுமாம். அதுவரை கெட்டுப்போகாதா என்று நான் கேட்கவில்லை.