அரை மணி நேரம்

அம்பு பட்ட மான் பெரும்பாலும் அங்கேயே விழாது. தோட்டாவின் வேகத்திலேயே சதை சிதைந்துவிடும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. அதன் முனையில் இருக்கும் சவர பிளேடு மாதிரியான தகடுகள் அறுத்துக்கொண்டு போகும், இரத்தம் வடிந்துதான் மான் சாகும். அதனால் வில்வேட்டையில் ஒரு விதி உண்டு: எய்த பிறகு அசையாதே. உடனே பின்னால் போனால், படுத்திருக்கிற மான் எழுந்து வெகுதூரம் ஓடி, யாருக்கும் கிடைக்காமல் எங்கோ செத்துக் கிடக்கும். நுரையீரலில் பட்டிருந்தால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். குடலில் பட்டிருந்தால் ஆறு, எட்டு மணி நேரம், சில சமயம் மறுநாள் காலை வரை.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரர். நாங்கள் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தில், மவுண்ட் ஹோரெப் ஊருக்குப் பக்கத்தில். மூன்று வருஷம் அவர் கொட்டகைக்குப் பின்னால் வைக்கோல் கட்டில் அம்பு விட்டுப் பழகினேன். "20 கஜத்துக்கு மேல நீ எய்யவே கூடாது" என்பார். காரணம் இருக்கிறது. என் காம்பவுண்ட் வில்லின் அம்பு வினாடிக்குச் சுமார் 270 அடி போகும். ஒலி போவது சுமார் 1,100 அடி. நாண் சத்தம் அம்பை முந்திக்கொண்டு மானின் காதுக்குப் போய்விடும். தூரம் கூடக்கூட, குனிந்து தாவ அதற்கு நேரம் கிடைக்கும். நெஞ்சுக்கு வைத்த குறி முதுகில் படும்.

நவம்பர் முதல் வாரம், வெண்வால் மான்கள் இணைசேரும் காலம். ஓக் மரத்தில் கட்டிய பரணில், இடுப்பில் பட்டி மாட்டிக்கொண்டு, விடியும் முன்பே உட்கார்ந்திருந்தேன். ஏழேகாலுக்கு ஒரு பெண்மான் ஓடையைத் தாண்டிப் போனது. அதன் தடத்தை மோந்துகொண்டே தலை தாழ்த்தி வந்தது கலை. கொம்பில் ஆறு கிளை. தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்ததும் நாணை இழுத்தேன். முன்னங்காலை எடுத்து முன்னே வைத்தது. விட்டேன். எகிறி உதைத்து, சரிவில் இறங்கி மறைந்தது. கொஞ்ச நேரம் சருகுச் சத்தம், அப்புறம் அதுவும் இல்லை.

மணி 7:22. அப்போதுதான் கை நடுங்க ஆரம்பித்தது.

நம் அகப்பாடல்களில் தினைப்புனத்துக்கு ஒருவன் வருவான். என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று, காவல் இருக்கும் பெண்ணிடம் கேட்பான். இலக்கணம் இதைக் கெடுதி வினாதல் என்கிறது. "மானாவது ஒண்ணாவது, பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு" என்று வாத்தியார் சொல்ல, வகுப்பே சிரித்தது. அந்த அரை மணி நேரம் பரணில் எனக்கு அந்தப் பாட்டு மானின் நினைப்புதான். அவர்கள் பேசி முடிப்பதற்குள் அது எங்கே போயிருக்கும்? அப்புறம் அதை யாருமே கேட்கவில்லை.

7:52-க்கு இறங்கினேன். மண்ணில் குத்தி நின்ற அம்பில் இளஞ்சிவப்பு நுரை. நுரையீரல். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். பச்சையாக நாறினால் குடல். ஒரு சருகில் ஒரு துளி, புல் தண்டில் ஒரு கீற்று என்று பார்த்துப் பார்த்துப் போனேன். 80 எட்டு. ஒரு விழுந்த மரத்தை ஒட்டிக் கிடந்தது. வில் நுனியால் கண்ணைத் தொட்டேன். இமைக்கவில்லை.

பொறு என்கிற விதி மானின் நன்மைக்குத்தான். ஆனால் அதே விதியால்தான் எய்தவன் அதன் சாவைப் பார்க்காமல் போகிறான்.

இறைச்சி குளிர்பெட்டியில் இருந்தது, சமைக்கவில்லை. 2002-ல் இந்த வட்டாரத்து மான்களில் சிடபிள்யூடி என்ற மூளைநோய் கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் நோயுள்ள மானைத் தின்ன வேண்டாம் என்பதே அறிவுரை. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நோய் இல்லை என்று பதில் வந்த அன்று நல்லெண்ணெயும் மிளகும் போட்டுப் பிரட்டினேன். கொழுப்பே இல்லாத கறி. பெரியவர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

சமைத்துக்கொண்டே அம்மாவிடம் போனில் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ஆடு, கோழி என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரொம்ப நேரம் துடிச்சுதாய்யா?"

"தெரியலம்மா. நான் மரத்து மேல இருந்தேன்."