ஆறாம் ஆண்டோடு முடிவதா வாசிப்பு?

தமிழ்ப்பள்ளி நூலகம் எந்த வயதுப் பிள்ளைகளுக்கு உரியது என்று வினவினால், 7 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு என்று உடனே விடை கூறுவோம். நடைமுறைப்படி அவ்விடை சரியானதே. ஆயினும், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளிடையே ஆண்டுகள் பல பணியாற்றிய பட்டறிவு எனக்கு வேறொன்றையும் உணர்த்தியுள்ளது. நம் நூலகம் மிகுதியாகத் தேவைப்படுபவர்கள், நம் பள்ளியை முடித்துச் சென்றுவிட்ட 13, 14 வயதுப் பிள்ளைகளே. அவர்களுக்காக நம் நூலகக் கதவு திறந்திருத்தல் வேண்டும் என்பதை ஆசிரியப் பெருமக்களிடமும் மாணவ மணிகளிடமும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டறிந்து குறித்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலை நட்டவர்களுள் நம் முன்னோர் பெரும்பங்கினர். அவர்கள் வாழ்ந்த தோட்டங்களில் லயம் எழுந்தது, கோயில் எழுந்தது, பள்ளியும் எழுந்தது. இன்றோ நிலைமை மாறிவிட்டது. கொழுந்து பறிக்கும் பணியில் அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் சேர்ந்துள்ளனர். நம் குடும்பங்கள் பல தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் ஆகிய நகர்களுக்கும், மலையடிவாரத்தைக் கடந்து ஈப்போ, கோலாலம்பூர் வரைக்கும் பெயர்ந்துவிட்டன. எஞ்சியுள்ள பிள்ளைகளுக்கு, நடந்துபோய் எடுத்து வரக்கூடிய தொலைவில் தமிழ் நூல் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பள்ளி ஒன்றே.

அப்பிள்ளைகள் ஆறாம் ஆண்டை முடித்ததும் இடைநிலைப் பள்ளிக்குச் செல்கின்றனர். சிலர் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று பின்னர்ப் படிவம் ஒன்றுக்குப் போகின்றனர். அங்கே பயிற்றுமொழி மலாய். தமிழ், வாரத்தில் சில பாடவேளைகளுக்குள் அடங்கும் ஒரு பாடமாகிவிடுகிறது. அப்பாட வேளைகளும் தாமாக வந்துவிடுவதில்லை. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தாய்மொழி வகுப்புக்கு ஏற்பாடு செய்யப்படும் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் உள்ள விதி. நகர்ப்புறத்தில் 15 என்பது சிறிய எண். மலைப்பகுதியில் அது அத்தனை எளிதன்று. ஒரு பிள்ளை 'எனக்குத் தமிழ் வகுப்பு வேண்டும்' என்று வீட்டில் கேட்டால்தான் பெற்றோர் மனுவில் கையொப்பமிடுவர். தமிழில் படித்துச் சுவைத்த பிள்ளை கேட்கும். தமிழைப் பயிற்றி நூலில் மட்டும் கண்ட பிள்ளைக்குக் கேட்கத் தோன்றாது. ஆகவே, நம் நூலக அலமாரிக்கும் அந்தப் பதினைந்து என்னும் எண்ணுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

ஒருநாள் மாலை, தம்பியை அழைத்துச் செல்ல வந்த படிவம் இரண்டு மாணவி ஒருத்தி நூலக வாயிலில் நின்றாள். நம் பள்ளியின் பழைய மாணவிதான். அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ஐயா, நான் இன்னும் எடுக்கலாமா?" என்று தயங்கிக் கேட்டாள். எடுக்கலாம் என்றேன். நெடுநேரம் தேடினாள். சிங்கமும் முயலும் பேசும் கதைகளை அவள் எப்போதோ கடந்துவிட்டாள். மேல்தட்டில் இருந்த இலக்கண விளக்கங்களும் காப்பிய உரைகளும் அவளுக்கு எட்டவில்லை. இடையில் அவளுக்கென்று ஒரு நூலும் இல்லை. வெறுங்கையோடு தம்பியை அழைத்துக்கொண்டு போனாள். தொடக்கப்பள்ளிக்கென அமைந்த நூலகங்களில் இந்த இடைத்தட்டு பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது.

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரங்கநாதன், 1931இல் நூலகத்திற்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மற்றொன்று. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நூலகம் பற்றி நாங்கள் கற்றவை பதிவேடும் எண்ணிடுதலும் அடுக்குமுறையுமே. அவை தேவையானவையே. எனினும், வெறுங்கையோடு திரும்பும் பிள்ளையை எந்தப் பதிவேடும் காட்டித் தராது. அதை ஆசிரியரின் கண்தான் காண வேண்டும்.

இனி, எந்த நூல்களை அந்த இடைத்தட்டில் வைப்பது? 10 முதல் 12 வயதினர்க்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்களும் கதைகளும், வாண்டுமாமாவின் வீரதீரக் கதைகளும் படக்கதைகளும் பொருந்தும். பெரியசாமித் தூரன் முதன்மையாசிரியராக இருந்து பத்துத் தொகுதிகளாக உருவாக்கிய குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பழைய படிகள் கிடைத்தால் விடாதீர்கள். அதிலுள்ள அறிவியற் செய்திகள் சில பழமையாகிவிட்டன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் போதும். பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்லதொரு பயிற்சியாகும்.

13, 14 வயது, விறுவிறுப்பை நாடும் வயது. தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகளைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. ஒரு நூலை இறுதிப் பக்கம் வரை படித்து முடிக்கும் பழக்கத்தை அவை தருகின்றன. அப்பழக்கம் வந்த பிறகு கல்கியின் 'பார்த்திபன் கனவு' கைக்கு வரட்டும். ஐந்து பாகங்கள் கொண்ட 'பொன்னியின் செல்வ'னை முதலிலேயே கொடுத்து மலைக்கச் செய்தல் ஆகாது.

15 முதல் 17 வயதினர்க்குத் தம் வாழ்வோடு தொடர்புடைய நூல்களைத் தருக. இந்நாட்டு இரப்பர்த் தோட்ட வாழ்வைக் கூறும் அகிலனின் 'பால்மரக் காட்டினிலே', இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழரைப் பற்றிய கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', சண்முகம் எழுதி 1993இல் வெளிவந்த 'சயாம் மரண ரயில்' ஆகியவை அவ்வகையின. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் கொடுமைகளை மருத்துவர் டேனியல் ஆங்கிலத்தில் எழுதினார். 1969இல் வெளிவந்த அந்நாவல் 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. கடுமையான நூல், மூத்த மாணவர்க்கே உரியது. கொழுந்துக் கூடையைச் சுமந்த பாட்டியைக் கண்டு வளர்ந்த பிள்ளை அதைப் படிக்கும்போது, தன் குடும்பத்தின் கதையும் நூலாகத் தக்கதே என்று அறிந்துகொள்கிறது.

நூல் வாங்குவதோடு கடமை முடிவதில்லை. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்னும் சிறுகதையை ஆசிரியர் ஒவ்வொருவரும் படித்தல் நலம். புத்தகப் பிரியர் ஒருவரையும் அவரைச் சூழ்ந்து மகிழும் குழந்தைகளையும் பற்றிய கதை அது; அன்பளிப்புப் பெறாமல் விடுபட்ட சிறுவனின் ஏக்கத்தில் அதன் உயிர் இருக்கிறது. நம் பள்ளிப் பரிசளிப்பு விழாக்களில் நூல்கள் பெரும்பாலும் முதல் மூன்று நிலை பெற்றவர்க்கே போய்ச் சேருகின்றன. அவர்கள் எப்படியும் படிப்பவர்கள். ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அதன் பெயர் எழுதி, அதற்கேற்ற ஒரு நூலைக் கையில் கொடுத்தனுப்புதல் வேண்டும். தோட்டப்பள்ளிகளில் மாணவர் தொகை சிறிது என்பது இதற்கு வசதியே. பெற்றோர் ஆசிரியர் சங்கம் மனம் வைத்தால் ஆகாத செலவன்று.

பழைய மாணவர்க்கென வாரத்தில் ஒரு மாலை நூலகம் திறந்திருக்கட்டும். வர இயலாதவர்களிடம் நூல் போகட்டும். 1931இல் மன்னார்குடியை அடுத்த சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி அனுப்பிய முன்னோர் நமக்கு உண்டு. நமக்கு வண்டி வேண்டா. ஒரு தகரப் பெட்டி போதும். முப்பது நூல்களை அதில் வைத்து லயத்தில் ஒரு வீட்டில் ஒப்படைத்து, படிவம் இரண்டோ மூன்றோ பயிலும் மாணவரைப் பொறுப்பாளராக்கலாம். மாதம் ஒருமுறை பெட்டியை மாற்றினால் நூல்களும் புதியனவாகும். பொறுப்பு ஏற்ற பிள்ளை, பிறருக்குப் பரிந்துரைப்பதற்காகவேனும் தான் படிக்கும்.

கேமரன் மலையின் ஈரம் நூல்களுக்குப் பகை. பனியும் மழையும் மாறி மாறி வருவதால் தாள்களில் பூஞ்சணம் படிகிறது. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் இடைவெளி விடுதலும், நூல்களை நெருக்கி அடுக்காதிருத்தலும், வறண்ட நாளில் அவற்றைக் காற்றாட விரித்து வைத்தலும் வேண்டும். இதையே மாணவர் பணியாக ஆக்கலாம். நூலை விரித்து ஈரந் துடைக்கும் பிள்ளை, இரண்டு பக்கம் படிக்காமல் மூடுவதில்லை என்பதை நான் பலமுறை கண்டு மகிழ்ந்திருக்கிறேன்.

சுவரேடு ஒன்று நடத்தலாம். அதில் நீண்ட மதிப்புரை வேண்டா. 'இந்நூலை யார் படிக்கலாம், யார் படிக்க வேண்டா, ஏன்?' என்று ஐந்து வரி எழுதினால் போதும். பிடிக்கவில்லை என்று எழுதவும் உரிமை தருக. ஆறாவது வரியில் ஆசிரியரின் நீதி வாக்கியத்தை ஒட்டாதீர்கள். மூத்தோர் கதை திரட்டும் பணியும் சிறந்தது. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்களிடம் சென்று, மலைக்கு வந்த கதை, முதல் சம்பளம், மறைந்துபோன விளையாட்டுகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதி, தைத்து, எண்ணிட்டு நூலகத்திலேயே வைக்க வேண்டும். கைப்பேசி இப்பணிக்குத் துணையாகட்டும். குரலைப் பதிவு செய்து பின்னர்த் தமிழில் எழுதலாம்.

இவை புதுமையல்ல. 1950களில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியின் வழியாக இளையோரை எழுதத் தூண்டியது. பின்னாளைய எழுத்தாளர் பலர் அங்கே எழுதப் பழகியவர்கள். அதே காலத்தில் கோலாலம்பூரில் தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, இலக்கிய வட்டம் நடத்தி இளம் எழுத்தாளர்க்கு வழிகாட்டினார். பள்ளிக்கு வெளியே இளையோருக்கென ஓர் இடம் இருந்தது. அவர்கள் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல ஒருவர் இருந்தார். அந்த இரண்டும் இன்றும் போதும்.

ஆசிரியர்க்கு ஏற்கெனவே சுமை மிகுதி, இதற்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். 1988 முதல் நம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் மாலைப்பொழுதுகளை எடுத்துக்கொண்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. பயிற்சித் தாள்களுக்கு நாம் கொடுத்த நேரத்தில் ஒரு பகுதியை நூல்களுக்குக் கொடுக்க இயலும். மாணவ மணிகளே, உங்களுக்கும் ஒரு சொல்: இடைநிலைப் பள்ளிச் சீருடையில் பழைய பள்ளிக்கு வருவது வெட்கத்திற்குரியதன்று. வந்து கேளுங்கள். வேண்டிய நூல் இல்லையெனில் அதன் பெயரை எழுதிக் கொடுங்கள். எந்த நூலை வாங்க வேண்டும் என்பதை எங்களுக்கு அறிவிப்பவை அந்தத் துண்டுத் தாள்களே.