அருகில் நிற்கும் பெலன்



கால்பந்தாட்டம் பார்க்க வருகிற எவரும் நடுவரைப் பார்ப்பதற்காக மைதானத்துக்கு வருவதில்லை. விசில் ஒலிக்கும்போதும் அட்டை உயரும்போதும் மட்டுமே அவர் கண்ணில் படுகிறார். ஆனால் ஆட்டம் முழுவதும் அவரும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். தொழில்முறைப் போட்டிகளில் ஒரு நடுவர் 90 நிமிடங்களில் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கிறார். அதில் நேராக ஓடுவது ஒரு பங்குதான். பக்கவாட்டில் ஓடவேண்டும், பின்னோக்கி ஓடவேண்டும், நின்ற இடத்திலிருந்து திடீரென்று பாயவேண்டும். களைத்துப்போன வீரருக்குப் பதிலாக இன்னொருவர் இறங்கலாம். உள்ளூர் மைதானங்களில் நடுவருக்குப் பதிலாக இறங்க யாரும் காத்திருப்பதில்லை.

வியாசர்பாடி போன்ற, கால்பந்துக்குப் பேர்போன இடங்களைக் கொண்ட வடசென்னைக்குப் போதகனாக வந்த நாள்முதல், சனிக்கிழமை காலைகளில் உள்ளூர் ஆட்டங்களுக்கு நடுவராக நின்று வருகிறேன். இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில், விடுதி அணிகளின் ஆட்டத்துக்கு விசில் பிடிக்க ஆளில்லாதபோது என் கையில் வந்து சேர்ந்த பொறுப்பு இது. ஊதியம் என்று ஒன்றும் இல்லை. வழிச்செலவுக்குச் சிறு தொகையும், ஆட்டம் முடிந்தபின் ஒரு டீயும் கிடைக்கும். "பாஸ்டருக்கு இது எதற்கு?" என்று சபையில் சிலர் கேட்டதுண்டு. உடற்பயிற்சிக்காக என்று சொல்லிவந்தேன். அதைவிட மேலான ஒரு பதிலை என் நோய் எனக்குக் கற்றுத்தந்தது.

2021ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், நுரையீரல் அழற்சியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். அங்கே கழிந்த 16 நாட்களில் 9 நாட்கள் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தேன். வீடு திரும்பியபோது உடல் எடையில் 11 கிலோ குறைந்திருந்தது. கட்டிலிலிருந்து வாசற்கதவு வரை நடந்தால், திரும்பி வருமுன் ஒருமுறை உட்காரவேண்டியிருந்தது. எனக்கு வயது 52.

உடலின் தளர்ச்சியைவிட வேறொரு பாரம் என்னை அழுத்தியது. அந்த மே மாதத்தில் எங்கள் சபையில் 6 பேர் மரித்துப்போனார்கள். அவர்களில் மூவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நான். ஒருவருடைய கட்டிலருகிலும் என்னால் நிற்க முடியவில்லை. ஒரு கல்லறையருகிலும் நிற்க முடியவில்லை. அடக்க ஆராதனைகளை அடுத்த சபையின் போதகர் நடத்தினார். குடும்பத்தாரே தூரத்தில் நின்று பார்த்த நாட்கள் அவை. அருகில் போக முடியாமை எத்தனை பெரிய துக்கம் என்பதை உங்களில் பலர் அந்த ஆண்டில் அறிந்தீர்கள். நானும் அறிந்தேன்.

படுக்கை மனிதனை எவ்வளவு விரைவாகப் பெலனற்றவனாக்குகிறது என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில், 20 வயதையொட்டிய 5 ஆரோக்கியமான இளைஞர்களை 3 வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். பிறகு அவர்களுடைய உழைக்கும் திறனை அளந்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே 5 பேரையும் மறுபடி சோதித்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. முப்பது ஆண்டு முதுமை குறைத்த திறனைவிட, அன்றைய மூன்று வாரப் படுக்கை குறைத்த திறன் அதிகம். ஆனால் அந்த இளைஞர்கள் படுக்கையைவிட்டு எழுந்து ஒழுங்காகப் பயிற்சி செய்தபோது, இழந்த திறனைத் திரும்பப் பெற்றார்கள் என்பதும் அந்த ஆய்வின் முடிவே. இதை ஒரு மருத்துவ நண்பர் எனக்குச் சொன்னார். இரண்டாவது பகுதியை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அந்நாட்களில் எலியா தீர்க்கதரிசியின் வரலாற்றைப் பலமுறை தியானித்தேன். சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்தவருக்குத் தேவன் முதலில் ஒரு பிரசங்கத்தை அனுப்பவில்லை. தூக்கத்தைக் கொடுத்தார். பிறகு சுட்ட அடையையும் தண்ணீரையும் கொடுத்தார். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பி உண்ணச் செய்தார். ஓரேப் மலைக்குச் செல்லும் நாற்பது நாள் பயணம் அதற்குப் பின்புதான் தொடங்குகிறது. கஞ்சியும் ரசமும் உறக்கமுமாகக் கழிந்த அந்த ஜூன் மாதத்தை வீணான காலமாக எண்ணாதிருக்க இந்த வரலாறு எனக்கு உதவியது.

மருத்துவமனையில் ஒரு சிறு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதில் மூன்று அறைகள், மூன்று பந்துகள். குழாய் வழியாக மூச்சை ஆழமாக உள்ளிழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலெழும். முதல் வாரம் ஒரு பந்துதான் அசைந்தது. மூன்றாவது பந்து உச்சியைத் தொட 40 நாட்கள் ஆயின. அன்று என் மனைவி, "கோல்!" என்றாள்.

ஜூலை மாதம் நடக்கத் தொடங்கினேன். பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு விதியைச் சொன்னார்: "நடக்கும்போது உங்களால் பேச முடியணும், பாஸ்டர். பேச்சு தடைப்பட்டா நின்னுடுங்க." யாரோடு பேசுவது? ஆலய வளாகத்தைச் சுற்றி நடந்தபடி, எங்கள் சபையின் 112 குடும்பங்களையும் பெயர் சொல்லி, வாய்விட்டு ஜெபிக்கத் தொடங்கினேன். முதல் நாள் 11 குடும்பங்களோடு மூச்சு நின்றது. எந்தப் பெயரில் நின்றேனோ, மறுநாள் அங்கிருந்து தொடர்ந்தேன். மரித்துப்போன 6 பேருடைய வீடுகள் வரும்போது மட்டும், மூச்சு இருந்தும் குரல் தடைப்பட்டது. ஆகஸ்டு இறுதியில், நிற்காமல் 112 பெயர்களையும் சொல்லி முடித்தேன்.

ஓடுவதற்கு முன் இருதய மருத்துவரிடம் சென்றேன். இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்த்தபின்பே அவர் அனுமதி தந்தார். இப்படிப்பட்ட நோய்க்குப் பின் இருதயத்தைச் சோதிக்காமல் ஓடுவது விசுவாசம் ஆகாது என்பதை, இதைப் படிக்கிற இளைஞர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன். செப்டம்பரில் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்தேன். காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பை எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். வழக்கத்தைவிட 10 துடிப்பு கூடியிருந்தால் அன்று ஓய்வு. மருத்துவமனையிலிருந்து வந்தபோது 96 ஆக இருந்த எண்ணிக்கை, டிசம்பரில் 72க்கு இறங்கியது. மாற்றம் அந்தப் பக்கங்களில்தான் தெரிந்தது. அன்றன்று கண்ணாடி முன் நின்றபோது தெரியவில்லை.

நடுவருக்கு எதற்காக இத்தனை ஓட்டம் என்று நீங்கள் கேட்கலாம். ஏறத்தாழ நூறு மீட்டர் நீளமுள்ள மைதானத்தில் 22 பேர் ஆடுகிறார்கள். நடுவர் ஒருவர்தான். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராகவும் நடுவராகவும் இருந்து, பின்னாளில் ஃபிஃபாவின் தலைவரான ஸ்டான்லி ரௌஸ், நடுவர் மைதானத்தின் ஒரு மூலைப்பக்கத்திலிருந்து எதிர்மூலைப்பக்கத்துக்குக் குறுக்காக ஓடும் முறையைப் பரவச் செய்தார். பக்கக்கோடுகளில் கொடியோடு நிற்கும் உதவி நடுவர் ஒருவருக்கும் நடுவருக்கும் இடையில் பந்து எப்போதும் இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் கண்கள் அதைக் காணும். அந்தக் குறுக்கு ஓட்டத்தை நடுவரால் ஓட முடியாவிட்டால் அந்த ஏற்பாடே குலைந்துவிடும். நாற்பது மீட்டருக்கு அப்பால் நின்று பார்த்தால், பந்தைத் தொட்ட காலும் எதிராளியின் கணுக்காலைத் தொட்ட காலும் ஒன்றுபோலவே தெரியும். நியாயம் செய்ய நேர்மை வேண்டும். அதோடு கிட்டே போகவும் வேண்டும்.

இதற்காகவே நடுவர்களுக்கு உடற்தகுதித் தேர்வு வைக்கிறார்கள். நீண்ட காலம் கென்னத் கூப்பர் என்ற மருத்துவர் 1968இல் வெளியிட்ட முறையே வழக்கில் இருந்தது: 12 நிமிடங்களில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று அளப்பார்கள். இப்போது சர்வதேச நடுவர்கள் 40 மீட்டர் விரைவோட்டத்தை 6 முறை ஓடியபின், 75 மீட்டர் ஓட்டமும் 25 மீட்டர் நடையுமாக 40 முறை, அதாவது 4 கிலோமீட்டர், குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டும். எங்கள் உள்ளூர்த் தேர்வு இதைவிட எளிது. அதில் 24 ஓட்டங்கள் போதும்.

2022 பிப்ரவரியில் அந்தத் தேர்வுக்குச் சென்றேன். 17ஆம் ஓட்டத்தில் விசில் ஒலித்தபோது கோட்டுக்கு இன்னும் நான்கு எட்டு பாக்கி இருந்தது. பட்டியலோடு நின்ற இளைஞன், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கொடி பிடிக்கக் கற்றவன். என் பெயருக்கு நேரே எழுதத் தயங்கி, "ஐயா, உங்க உடம்பு இப்பதானே தேறி வருது, பார்த்துப் போட்டுக்கலாம்" என்றான். "வேண்டாம் தம்பி, உள்ளதை எழுது" என்றேன். அந்தத் தேர்வு என்னைப் புறக்கணிப்பதற்காக ஏற்பட்டதல்ல. ஆடப்போகிறவர்களுக்கு நியாயம் கிடைப்பதற்காக ஏற்பட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் வலித்தது. ஆயினும் அந்த எழுத்து சரியான எழுத்து.

பெரியவர்களின் ஆட்டம் கிடைக்காததால், 13 வயதுக்குட்பட்ட சிறுவர்களின் ஆட்டங்களைக் கேட்டு வாங்கினேன். சிறிய மைதானம், 25 நிமிடங்களாக இரண்டு பகுதிகள். அங்கே என்னால் பந்தோடு கூடவே இருக்க முடிந்தது. மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோலுக்கு முன்பாக ஒரு பையன் விழுந்தான். பயிற்சியாளரும் பெற்றோரும் "பெனால்டி! பெனால்டி!" என்று எழுந்து நின்றார்கள். நான் ஏழெட்டு அடி தூரத்தில் இருந்தேன். தடுத்த பையனின் கால் பந்தைத்தான் தொட்டது. ஆட்டம் தொடரட்டும் என்று கை காட்டினேன். விழுந்தவன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். இவ்வளவு பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தான். "பால்லதான் சார் பட்டுச்சு" என்று சொல்லிவிட்டு ஓடினான். வெளியே இருந்த கூச்சல் அதோடு அடங்கியது.

அடுத்த ஆண்டு 24 ஓட்டங்களையும் முடித்தேன். இப்போது மாதத்துக்கு இரண்டு முறை பெரியவர்களின் ஆட்டங்களுக்கும் நிற்கிறேன். சிறுவர்களின் ஆட்டங்களை விட்டுவிடவில்லை.

இந்தப் பெலன் மைதானத்தோடு நின்றுவிடவில்லை. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு தாயார் வாரியக் குடியிருப்பில் நான்காவது மாடியில் இருக்கிறார். லிஃப்ட் இல்லை, 72 படிகள். 2021 மே மாதத்தில் கணவரை இழந்தவர் அவர். அன்று என்னால் அந்தப் படிகளில் ஏற முடியவில்லை. இன்று இடுப்பெலும்பு முறிந்து அவர் படுக்கையில் இருக்கிறபடியால், வாரந்தோறும் ஏறிச் செல்கிறேன். சென்ற வாரம் நான் கட்டிலருகே உட்கார்ந்ததும், "ஐயா, உங்களுக்கு மூச்சு வாங்கலியா?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கணவரைப் பற்றி வெகுநேரம் பேசினார். "பாஸ்டருக்கு இது எதற்கு?" என்று கேட்டவர்களுக்கு இனி இதையே பதிலாகச் சொல்வேன்.

பிரியமானவர்களே, உங்களில் சிலர் இப்போது நோயிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறீர்கள். இழந்த பெலன் ஏன் இன்னும் வரவில்லை என்று கலங்குகிறீர்கள். முதலில் உறங்குங்கள், உண்ணுங்கள், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். இன்று எட்டக்கூடிய வாசல் வரை நடங்கள். பிறகு, இந்தப் பெலன் திரும்பி வந்தால் யாருக்கு அருகில் போவேன் என்று ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று முன்னால் இருந்தால் அடுத்த அடி சற்று எளிதாகிறது. கிருபையுள்ள தேவன் அந்த வாசல்வரை நடக்க உங்கள் கால்களைப் பெலப்படுத்துவாராக.