முகத்தைப் பார்க்காதீங்க... ஓரத்தைப் பாருங்க!

வில்லை ஒடிச்சதுக்கு ராமருக்கு சீதையே கிடைச்சாங்க. நீங்களும் நானும் ஒடிச்சா கிடைக்கிறது முகத்துல நாலு தையல்தான்!

சிரிக்காதீங்க பாஸ், நிஜமாத்தான் சொல்றேன். நாணை முழுசா இழுத்துப் பிடிச்சிருக்கிற நேரத்துல, வளைஞ்சு நிற்கிற மரத்துக்கும் உங்க கண்ணுக்கும் நடுவுல ஒரு கை நீளம்தான் இடைவெளி. மரம் அப்போ ரெண்டா உடைஞ்சா, துண்டு எந்தப் பக்கம் பறக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் மர வில் செய்யறதுல உளியும் அரமும் அப்புறம். முதல் வேலை, சரியான பலகையைத் தேர்ந்தெடுக்கிறது.

நான் மேல்படிப்புக்காக அமெரிக்காவுல, மிச்சிகன் மாநிலத்துல இருக்கேன். லீவு நாள்ல மர வில் செய்யறது என் பொழுதுபோக்கு. எங்க அபார்ட்மென்ட் கீழ் வீட்டுல ஒரு தமிழ்க் குடும்பம். அண்ணா, அண்ணி, அவங்க பையன். அவனுக்கு நான் சித்தப்பா. 'என் 12-வது பிறந்தநாளுக்கு ஒரு வில் வேணும். கடையில வாங்கக் கூடாது, நீங்கதான் செய்யணும்'னு ஒரே அடம். நானும் சரின்னுட்டேன்.

பழைய காலத்துல மரத்தை வெட்டி, நீளவாக்குல பிளந்து, காய வெச்சு வில் செஞ்சாங்க. 1991-ல ஆல்ப்ஸ் மலைப் பனியில ஓட்ஸின்னு ஒரு மனிதனோட உடல் கிடைச்சதே, ஞாபகம் இருக்கா? 5,000 வருஷத்துக்கும் முந்தைய ஆள். அவர் பக்கத்துல யூ மரத்துல செஞ்ச, சுமார் 1.82 மீட்டர் நீள வில் ஒண்ணு இருந்தது. பாவம், அதை அவர் செஞ்சு முடிக்கவே இல்லை!

காட்டுக்கெல்லாம் போக முடியாத என்னை மாதிரி ஆளுங்களுக்கு மரக்கடைப் பலகைதான் கதி. இங்கே சுலபமா கிடைக்கிறது ரெட் ஓக். '1-க்கு 2 அங்குலம்'னு எழுதியிருப்பாங்க. அளந்து பார்த்தா முக்கால் அங்குலக் கனம், ஒன்றரை அங்குல அகலம். அது போதும்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. மரத்தைப் பிளக்கும்போது கோடாரி ரேகையோடயே போகும். ரம்பம் அப்படி இல்லை, தன் இஷ்டத்துக்கு அறுத்துட்டுப் போகும். ரேகைங்கிறது மரத்தோட நார் ஓடுற வழி. அந்த நார் முனைக்கு முனை ஓடணும். நடுவுலயே ஓரத்துல வெட்டுப்பட்டு முடிஞ்சா, வளைக்கும்போது அந்த இடத்துலதான் முதல் சிராய் கிளம்பும். அப்புறம் 'படார்!'

வில்லுக்கு முதுகும் வயிறும் உண்டு. உங்களைப் பார்த்து இருக்கிறது வயிறு, இலக்கைப் பார்த்து இருக்கிறது முதுகு. நாணை இழுத்தா வயிறு நசுங்கும், முதுகு விரியும். பெரும்பாலும் விரியிற முதுகுதான் சொல்லாம கொள்ளாம கிழியும்.

அதனால கடைக்குப் போனதும் பலகையோட முகத்தைப் பார்த்து மயங்காதீங்க. கோயில் கோபுரம் மாதிரி அடுக்கடுக்கா கூம்பு கூம்பா டிசைன் இருக்கும். மேஜைக்கு சூப்பர், வில்லுக்கு வேண்டாம். அந்தக் கூம்பு ஒவ்வொண்ணும் 'இங்கே நார் வெட்டுப்பட்டிருக்கு'ன்னு சொல்ற அடையாளம்.

என்னோட பரீட்சை ரொம்ப சிம்பிள். ஒரு முனையில ரேகை மேல விரலை வெச்சு நடக்க விடுங்க. ஓரத்தைத் தாண்டாம மறு முனை வரைக்கும் போச்சுன்னா பாஸ். வழியிலேயே ஓரத்துல இறங்கிடுச்சுன்னா ஃபெயில். முகத்துல பார்த்தது போதாது, பக்கவாட்டு ஓரத்துலயும் இதே பரீட்சை. கணு இருந்தா ஃபெயில். முறுக்கு இருந்தா ஃபெயில்.

அப்புறம் முனையில வளையங்களைப் பாருங்க. ரெட் ஓக்ல வசந்தத்துல வளர்ற பகுதி ஓட்டை ஓட்டையா இருக்கும். சின்னத் துண்டு ஒண்ணை எடுத்து, ஒரு முனையை சோப்புத் தண்ணியில வெச்சு மறு முனையில ஊதினா நுரையே வரும்! கோடையில வளர்ற பகுதிதான் கெட்டி. அதனால வளையம் அகலமா, கெட்டிப் பகுதி அதிகமா இருக்கிற பலகை நல்லது. ஒரே அளவுல ரெண்டு பலகை இருந்தா, கனமா இருக்கிறதை எடுங்க.

முதல் சனிக்கிழமை ஒரு கடையில 40 பலகைக்கு மேல புரட்டினேன். ஒண்ணும் தேறலை. அடுத்த வாரம் வேற கடை, அங்கேயும் அதே கதை. இதுக்குள்ள பிறந்தநாள் வந்துடுச்சு. கேக் வெட்டினான், எல்லாரோட பரிசையும் வாங்கினான். கடைசியா என் கையைப் பார்த்தான். வெறுங்கை! ஒண்ணும் சொல்லலை, முகம் மட்டும் வாடிப்போச்சு.

அண்ணா என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, சின்னப் பையன் விளையாடத்தானே? ஏதோ ஒரு பலகையில செஞ்சு, முதுகுல துணியை ஒட்டிட்டா உடையாதாமே?"

நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. முதுகுல ஒரு பொருளை ஒட்டுறது புது விஷயம் இல்லை. துருக்கி, மங்கோலிய வில்கள்ல விலங்கோட தசைநாரை முதுகுல ஒட்டி, வயித்துல கொம்பை வெச்சாங்க. யூ மரத்துக்கு இயற்கையே அந்த வேலையைச் செஞ்சு குடுத்துடுச்சு. வெளுத்த வெளிமரம் நல்லா விரியும், உள்ளே இருக்கிற வைரம் நசுங்கலைத் தாங்கும். 1545-ல மூழ்கின மேரி ரோஸ்ங்கிற இங்கிலாந்துக் கப்பல்ல நூத்துக்கும் மேல யூ வில்கள் கிடைச்சது. எல்லாம் இந்த ரெட்டை மரத்துல செஞ்சதுதான்.

மூங்கில் பட்டையோ ஹிக்கரி மரப் பட்டையோ ஒட்டினா, அது விரியிற பாரத்தை நிஜமாவே தாங்கும். ஆனா அளவு மீறித் தடிமனா ஒட்டினா முதுகு முரடாயிடும், வயிறு நசுங்கிக் குறுக்கே கோடு கோடா மடிஞ்சிடும். லினன், பட்டு, பதப்படுத்தாத தோல் இதெல்லாம் கிளம்பப் பார்க்கிற சிராயை அமுக்கிப் பிடிக்கும். ஒருவேளை உடைஞ்சாலும் துண்டு பறக்காம ஓரளவு காப்பாத்தும். அவ்வளவுதான். ஹெல்மெட் போட்டா தலை தப்பலாம். அதுக்காக பிரேக் இல்லாத பைக்கை ஓட்டுவீங்களா?

அண்ணாகிட்ட இதைத்தான் சொன்னேன். "வில்லுக்குப் பின்னாடி இருக்கப்போறது உங்க பையன் முகம் அண்ணா. இன்னும் ரெண்டு வாரம் அவன் என்கூடப் பேசாம இருந்தாலும் பரவாயில்லை." அதுக்கு மேல அவர் எதுவும் சொல்லலை.

அடுத்த சனிக்கிழமை பையனையும் கூட்டிட்டுப் போனேன். விரலை நடக்க விடுறது எப்படின்னு ரெண்டு பலகையில காட்டினேன். அவ்வளவுதான்... "ஃபெயில் சித்தப்பா", "இதுவும் ஃபெயில்"னு கடையே அதிர்ந்தது. நான் 'பரவாயில்லையே'ன்னு எடுத்து வெச்ச ஒண்ணைக்கூட, ஓரத்தைக் காட்டி வேண்டாம்னுட்டான்! அரை மணி நேரம் கழிச்சு, அடுக்கோட அடியில இருந்து ஒண்ணை உருவினான். விரல் ஒரு முனையில இருந்து நடந்து, மறு முனை வரைக்கும் நேரா போச்சு. ஓரத்துலயும் அப்படியே. ரெண்டு பேருக்கும் பேச்சே வரலை.

ஆறடிப் பலகையில 60 அங்குலம் வெட்டி எடுத்தோம். 22 அங்குலம் இழுக்கிற சின்னப் பையனுக்கு அது தாராளம். நடுவுல கைப்பிடிக்கு ஒரு துண்டை ஒட்டினோம். முதுகை லேசா சொரசொரப்பாக்கித் துடைச்சு, நூல் நீளவாக்குல ஓடுற மாதிரி வெட்டின லினன் துணியை மரப் பசையில நனைச்சு, நடுவுல இருந்து முனைக்குத் தடவித் தடவி ஒட்டினோம். ஒரு காத்துக் குமிழிகூட இருக்கக் கூடாது. ஒட்டாத இடத்துல துணி இருந்தும் பிரயோஜனம் இல்லையே! நாலு நாள் நல்லா காய விட்டோம்.

அப்புறம் செதுக்கினது எல்லாமே வயித்துப் பக்கம்தான். முதுகை மறுபடி தொடவே இல்லை. கொஞ்சம் சுரண்டுறது, கொஞ்சம் வளைச்சுப் பார்க்கிறது, ரெண்டு கையும் ஒரே மாதிரி வளையுதான்னு பார்க்கிறதுன்னு மூணு வாரம் ஓடிப்போச்சு. கடைசியில 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ இழுவையில வில் தயார். பின்னாடி வைக்கோல் கட்டு, பக்கத்துல பெரியவங்க, அம்பு இல்லாம நாணை விடக் கூடாதுங்கிற மூணு கண்டிஷனோட குடுத்தேன்.

உங்க ஊர்ல ரெட் ஓக் கிடைக்கலைன்னா கவலைப்படாதீங்க ஃப்ரெண்ட்ஸ். எந்தக் கெட்டி மரமா இருந்தாலும் விரல் பரீட்சை ஒண்ணுதான். நல்ல பலகை கிடைக்காத அன்னிக்குக் கடையை விட்டு வெறுங்கையோட வெளியே வாங்க. அந்தத் தைரியம் இருந்தா நீங்க பாதி வில் செஞ்ச மாதிரி. மீதிப் பாதிக்குத்தான் பசையும் துணியும்!