உரப்பைக்குள் போகும் குட்டிகள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். "நாயைப் பற்றி எழுத சேர்மாருக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்க நினைப்பவர்களும் பாதி வரைக்குமாவது வாருங்கள்.

நம்ம ஊரில் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மூன்று நாள் யாரும் கண்டுகொள்வதில்லை. குட்டிகள் கத்தத் தொடங்கியதும் ஒரு உரப்பை வரும். மஃரிபுக்குப் பிறகு அந்தப் பை மோட்டார் சைக்கிளில் ஏறும். மீன் சந்தைக்குப் பின்னால், ஆற்றுக்கு அந்தப் பக்கம், அல்லது பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பன்சல வாசலில் போய் இறங்கும். இந்தக் கடைசி இடம்தான் எங்களுக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது. நமக்கு வேண்டாத ஒன்றை இன்னொரு சமூகத்தின் வணக்கத்தலத்து வாசலில் இருட்டில் வைத்துவிட்டு வருவது எந்தக் கிதாபில் இருக்கிறது? அங்குள்ள ஹாமதுரு சோறு வைப்பார் என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர் வைக்கிறார்தான். பெரும்பாலான குட்டிகள் அந்தச் சோற்றைத் தின்னும் வயதுக்கு வருவதே இல்லை என்பதுதான் பிரச்சினை.

கேட்டால், "அது நஜீஸ்தானே" என்பார்கள். நாங்களும் ஷாஃபிஈ மத்ஹபில் வளர்ந்தவர்கள்தான். ஈரத்தோடு நாய் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்து. காய்ந்த நாய் காய்ந்த கையில் பட்டால் கழுவ வேண்டியதே இல்லை. மாலிகி மத்ஹபில் நாயையே சுத்தமானது என்றுதான் எடுக்கிறார்கள். இதையெல்லாம் மத்ரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் இவை கழுவுவதைப் பற்றிய சட்டங்கள். கல்லெறிவதற்கும் பைக்குள் கட்டி எறிவதற்கும் இவற்றில் இடம் இல்லை. தாகத்தில் ஈர மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தோல் காலணியில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தி புகாரியில் இருக்கிறது. குகைவாசிகளின் நாய் வாசலில் முன்னங்கால்களை விரித்துக் கிடந்ததை சூரா கஹ்ஃபில் ஒவ்வொரு வெள்ளியும் ஓதுகிறோம்.

அவ்வளவாகக் கேள்விப்படாத செய்தி ஒன்றும் இருக்கிறது. ஹிஜ்ரி 8, மக்கா வெற்றிக்குப் போகும் வழி. பத்தாயிரம் பேர் கொண்ட படை. அர்ஜ் என்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டை நாய் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஜுஐல் இப்னு சுராக்கா என்ற தோழரை அந்த நாய்க்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள், படை கடந்து போகும்வரை தாயையும் குட்டிகளையும் யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ள. இது வாகிதியின் மகாஸி நூலில் வருவது. ஹதீஸ் கலையில் வாகிதியைப் பலமானவராக எடுப்பதில்லை என்று மௌலவிமார் சொல்வார்கள், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஆனால் பத்தாயிரம் பேர் போகும் வழியில் ஒரு காவலாளி என்ற அந்தக் காட்சி எங்கள் மனதை விட்டுப் போகவில்லை.

போன தவணையில் எங்கள் பாடசாலை மேடைக்குக் கீழே ஒரு நாய் ஐந்து குட்டி போட்டது. சங்கத்தில் இருக்கும் ஒருவர் அடுத்த நாளே பையோடு வந்துவிட்டார். அதிபர் நல்ல மனிசன். "தவணை முடியும்வரை உங்கட பொறுப்பு, ஒரு பிள்ளைக்குக் கடிபட்டாலும் நான் கதைக்க மாட்டேன்" என்று எங்கள் மூன்று ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிறகு நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். உடைந்த மேசைகளை வைத்து ஒரு வேலி போட்டோம். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது, தாய்க்கு மட்டும் சாப்பாடு, குட்டிகளைத் தொடவே கூடாது. இவ்வளவுதான் சட்டம். தரம் 7 பிள்ளைகள் இடைவேளையில் வரிசையாக வந்து நிற்பார்கள். முதல் பத்து நாளும் குட்டிகளுக்குக் கண் திறக்காது, காதும் கேட்காது, உடம்புச் சூடும் தாயிடம் இருந்துதான். அதனால்தான் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடக்கும். இரண்டாவது கிழமை முதலாவது குட்டி கண் திறந்த அன்று ஒரு பிள்ளை வகுப்புக்கு ஓடிவந்து, "சேர், ஒண்டு எங்களப் பாக்குது!" என்று கத்தினாள். மூன்றாவது கிழமை அவை நடந்தன. நடந்தன என்றா சொல்வது, நாலு காலும் நாலு பக்கம் போக விழுந்து விழுந்து எழும்பின. பிறகு ஒன்றின் வாலை ஒன்று கடித்தன. நாயைக் கண்டால் சுவரோடு ஒட்டி நிற்கும் பிள்ளை ஒருவன் வேலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் குட்டிகளை வரைந்துகொண்டிருந்தான். பயத்தைப் பேச்சால் போக்க முடியாது, பாதுகாப்பான தூரத்தில் பழக விடவேண்டும் என்று கலாசாலையில் படித்ததை நாங்கள் கண்ணால் கண்டது அங்கேதான்.

ஒரு குட்டி செத்துப் போனது. யாரோ அன்பில் பசும்பால் வைத்திருக்கிறார்கள். குட்டிகளின் வயிற்றுக்கு அது ஒத்துவராது, வயிற்றோட்டம் பிடித்துவிடும். வாச்சர் காக்கா பின்பக்கத்தில் குழி வெட்டினார். அன்று வகுப்பு நடக்கவில்லை.

மிச்சம் நான்கு. எட்டுக் கிழமை ஆகும்வரை தாயை விட்டுப் பிரிக்கக் கூடாது என்று கால்நடை வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் நாங்கள் ஆள் தேடினோம். வீட்டுக்குள் வளர்க்க யாரையும் கேட்கவில்லை. நம்ம சமூகத்தில் அது சரிவராது என்று தெரியும், வற்புறுத்தவும் விருப்பமில்லை. ஆனால் பயிருக்கும் மந்தைக்கும் காவலாக நாய் வைக்க மார்க்கத்திலேயே அனுமதி இருக்கிறதே. நம்ம மாவட்டம் முழுக்க வட்டை. வாடியில் இரவு காவல் இருப்பவர்களுக்கு நாயின் அருமை தெரியும். போடியார் மாமா ஒருவர் இரண்டு குட்டிகளை எடுத்தார். "பண்டி வந்தாலும் ஆன வந்தாலும் மனிசனுக்கு முந்தி அதுக்குத்தான் தெரியும் சேர்" என்றார். மூன்றாவது குட்டி மாட்டுப் பட்டிக்குப் போனது. தாய்க்குக் கருத்தடை சத்திரசிகிச்சை செய்தாயிற்று. இப்போது அது கேற்றடியில் படுத்திருக்கிறது.

கருத்தடை என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பெட்டை ஆறேழு மாதத்திலேயே சினைப்படத் தொடங்கும். கர்ப்பம் இரண்டு மாதம்தான். வருடத்துக்கு இரண்டு ஈற்றுக்கூட வரும். அதை நிறுத்தாமல் குட்டிகளுக்கு வீடு தேடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுகிற வேலை. ஒரு சத்திரசிகிச்சை எத்தனை உரப்பைகளை இல்லாமல் செய்யும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விசர்நாய்க்கடி பற்றிய பயம் நியாயமானது. 1973இல் இந்த நாட்டில் அந்த நோயால் 377 பேர் மௌத்தானார்கள். இப்போது அது வருடத்துக்குச் சில பத்துப் பேராகக் குறைந்திருக்கிறது. நாய்களுக்கும், கடிபட்டவர்களுக்கும் ஊசி போட்டதால் வந்த பலன் இது. ஒரு பிரதேசத்து நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் 2006இலேயே நிறுத்தியது. கொன்ற இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வந்துவிடும், அவ்வளவுதான். பீ.எச்.ஐ. ஊசி போட வரும் நாளில் உங்கள் ஒழுங்கை நாயையும் பிடித்துக் கொடுங்கள், காசு இல்லை. குட்டி கடித்தாலும் கீறினாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குட்டிதானே என்று இருக்க வேண்டாம்.

இன்னொன்று. கடைக்கும் ஆலைக்கும் காவல் என்று சொல்லி ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டியைப் பெரிய விலைக்கு வாங்குபவர்கள் நம்ம ஊரிலும் இப்போது இருக்கிறார்கள். வெயிலில் சங்கிலியில் கிடந்து அந்த நாய் படும் பாட்டைப் பார்க்க முடியாது. காவலுக்கு நாய் வேண்டுமென்றால் காப்பகத்தில் இருந்து எடுங்கள். வெலிகமவுக்குக் கிட்ட மிதிகமவில் ஒரு காப்பகம் இருக்கிறது, வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி நடத்தும் சரணாலயம் இருக்கிறது. வளர்ந்த நாயாக எடுத்தால் அதன் குணம் முன்கூட்டியே தெரியும். ஊசி, கருத்தடை விபரத்தை எடுக்கும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நம்ம நாட்டு நாய்க்கு இந்த வெயிலும் பழக்கம். அதே நேரம் காப்பகம் என்பது நாம் குட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் அல்ல. நன்கொடையில் நடக்கும் இடங்கள் அவை. இன்னொரு பை வந்தால் அங்கே யாரோ ஒருவர் இரவு நித்திரை கொள்ளாமல் இருக்க வேண்டும்.

எடுக்க முன் ஒரு கணக்கையும் யோசியுங்கள். நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். இன்று தரம் ஒன்றுக்குப் போகும் உங்கள் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும்போதும் அதற்குச் சோறு வைக்க வேண்டும். முடியாதென்றால் எடுக்காதீர்கள், அதில் ஒரு குறையும் இல்லை. தெருவில் இருப்பதற்கு ஒரு சட்டி தண்ணீர் வைத்தாலே போதும்.

நான்காவது குட்டி இன்னும் எங்களிடம் இருக்கிறது. பெட்டை. அதனால்தான் யாரும் எடுக்கவில்லை. மண் நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். முதல் ஊசி போட்டாயிற்று, வயது வந்ததும் கருத்தடைச் செலவு எங்கள் பொறுப்பு. தோட்டமோ வாடியோ பட்டியோ உள்ளவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். சங்கிலியில் கட்டிப்போட மாட்டோம் என்று சொல்பவர்களுக்குத்தான் கொடுப்போம். ஒரு மாதம் கழித்துத் தரம் 7 பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள், அதற்கும் சம்மதிக்க வேண்டும்.